நாலாவது வரியில் இருந்த கடல்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு கார்த்திகை மாதக் காலையில், மாமல்லபுரம் கடற்கரையில் நடந்தது இது. அங்கே ஒரு விடுதியில் அறைகளைச் சுத்தம் செய்வது என் வேலை. பள்ளியில் ஆங்கிலம் என்றாலே எனக்கு வேப்பங்காய். நாற்பது வயதில் அதுவே என்னைத் தேடிக்கொண்டு வந்தது. விருந்தாளிகளிடம் நாங்கள் நாலு வார்த்தையாவது பேச வேண்டும் என்று முதலாளி ஆசைப்பட்டு, படூரிலிருந்து ஒரு டீச்சரம்மாவை வரவழைத்தார்.

அவரும் சொல்லிக்கொடுத்துப் பார்த்தார். எல்லாம் இந்தக் காதில் நுழைந்து அந்தக் காதில் போய்விட்டது. ஒருநாள் நாங்கள் பக்கெட்டைக் கவிழ்த்துப்போட்டுத் தட்டி, கானா பாடிக்கொண்டிருந்ததைப் பார்த்தவர், அடுத்த வாரமே விடுதிக்குத் தேவையான ஆங்கில வாக்கியங்களை அதே தாளத்தில் பாட்டாகக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். முதல் வரி குட் மார்னிங். அடுத்தது, துண்டு வேண்டுமா. அப்புறம், சுடுதண்ணீர்க் குழாய் இடது பக்கம். நாலாவது, கடலில் இறங்காதீர்கள், ஆபத்து.

விரிப்பு மாற்றும்போதெல்லாம் அதுதான் எங்கள் வாயில். "இன்னாக்கா, பெட்ஷீட்டு மாத்துறியா, கச்சேரி வெக்கிறியா?" என்று வாட்ச்மேன் கிண்டலடிப்பார். ஒரே ஒரு தொல்லை. நடுவில் ஒரு வரியை மட்டும் கேட்டால் எங்களில் யாருக்கும் வராது. தலையிலிருந்து பாடி வந்தால்தான் வாலைப் பிடிக்க முடியும்.

அன்று மழை விட்டு, கடல் கலங்கிக் கிடந்தது. பின்வாசலில் துண்டு உலர்த்திக்கொண்டிருந்தேன். எங்கள் விடுதியில் தங்கியிருந்த வெள்ளைக்கார அம்மா தனியாகக் கடலில் இறங்கிக்கொண்டிருந்தார். அந்தப் பருவத்தில் அங்கே அலை காலை வாரி உள்ளே இழுத்துவிடும். மீன் பிடிப்பவர்களே கால் வைக்க மாட்டார்கள். "மேடம்! மேடம்!" என்று கத்திக்கொண்டே ஓடினேன். அவர் திரும்பவில்லை. வேண்டாம் என்று கையை மட்டும் ஆட்டினார். பாசிமணி விற்பவரும் கல் யானை விற்பவரும் நாள் முழுக்க மேடம் மேடம் என்று கூப்பிடும் கடற்கரை. நானும் எதையோ விற்க வந்தவள் என்று நினைத்துவிட்டார்.

இறங்காதே என்று சொல்ல வேண்டும். வார்த்தை வரவில்லை. கையைத் தட்டிக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து, முதல் வரியிலேயே ஆரம்பித்துவிட்டேன். உயிர் போகிற நேரத்தில் துண்டு வேண்டுமா என்று பாடிக்கொண்டிருக்கிறேன்! அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நிறுத்தினால் நாலாவது வரி கிடைக்காதே. சுடுதண்ணீர் வரியில் அவர் திரும்பிப் பார்த்தார். சிரித்தார். பாட்டு காதில் விழவேண்டும் என்று கரைக்கே வந்துவிட்டார். "டோன்ட் கோ இன் சீ, வெரி டேஞ்சர்" என்று நான் பாடி முடிக்கவும், சற்று முன் அவர் நின்றிருந்த இடத்தில் ஒரு பேரலை விழுந்து மணலை வாரிக்கொண்டு போகவும் சரியாக இருந்தது. அவர் முகம் வெளுத்துவிட்டது. வெகுநேரம் என் கையை விடவே இல்லை.

நடந்ததைக் கேட்ட டீச்சரம்மா, கடல் வரியை முதலில் வைத்துவிடலாமா என்றார். "வாணாம் டீச்சர். எட்த்த எடுப்புல டேஞ்சர்னா யாரு திரும்பிப் பாப்பா?" என்றேன்.

எதற்கு உதவப்போகிறது என்று நான் சலித்துக்கொண்ட துண்டும் சுடுதண்ணீரும்தான் அன்று ஓர் உயிரைக் கரைக்குக் கூட்டி வந்தன என்று நினைக்கும்போது, விரிப்பு மாற்றும் என் கை இப்போதும் ஒரு நொடி நின்றுவிடுகிறது.