ஒடுக்கு விழுந்த தூக்கு

அக்காவின் எவர்சில்வர் தூக்கில் ஒரு பக்கம் ஒடுக்கு விழுந்திருக்கும். அதனால் மூடி சரியாக உட்காராது. ரசம் ஊற்றிக்கொண்டு போனால் பாதி ரசம் பையில்தான் இருக்கும். புதுசு வாங்கித் தருகிறேன் என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். முன்பு அதில் இரண்டு ஒடுக்குகள் இருந்தன. பாத்திரத்துக்கு ஒடுக்கு எடுக்கிறவர் ஒருமுறை எங்கள் தெருவுக்கு வந்தபோது அக்கா தூக்கை எடுத்துக்கொண்டு போய், அடிப்பக்கத்தில் இருந்த ஒடுக்கைக் காட்டி, "இத மட்டும் எடுத்துடுங்க" என்றாள். "மேல இருக்கறதையும் சேத்து எடுத்துட்றம்மா, மூடி நல்லா ஒக்காரும்" என்றார் அவர். "அது இருக்கட்டும்" என்று சொல்லி வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

தூக்கு உண்மையில் மாமாவுடையது. அக்காவின் வீட்டுக்காரரை நான் மாமா என்றுதான் கூப்பிட்டேன், இப்போதும் வேறு பெயர் வாயில் வரவில்லை. நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்தில், மண்ணை ஏற்றிப்போகும் பெல்ட் ஓடும் பகுதியில் அவருக்கு வேலை. பர்மனெண்ட். எங்கள் ஊரான வடக்குத்தில் வீட்டைச் சுற்றி இருந்தவர்களெல்லாம் கான்ட்ராக்டில் மண் அள்ளப் போனவர்கள். அப்பாவும் அப்படித்தான். அவர்கள் நடுவில் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் குடியிருக்கும் ஒரு பர்மனெண்ட் மாப்பிள்ளை கிடைத்தது அப்பாவுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். கல்யாணத்தில் மாமா சிரித்துக்கொண்டே இருந்தார். சிரிப்பதில் அவருக்குக் குறைச்சலே கிடையாது. பிளாக்கில் எல்லோருக்கும் அவரைப் பிடிக்கும். ஆயுத பூஜைக்குப் பொரி கட்டுவதிலிருந்து யார் வீட்டு ஃபேன் ஓடாவிட்டாலும் ஏணி போட்டு ஏறுவதுவரை அவர்தான் முதலில் நிற்பார்.

அந்த வீட்டில் அடி, ஷிப்ட் பார்த்து விழுந்தது. காலை ஷிப்ட் வாரத்தில் சாயங்காலம், கம்பெனி பஸ் வந்து நின்ற கொஞ்ச நேரத்தில். நைட் ஷிப்ட் வாரத்தில் விடிந்ததும், அவர் தூங்கப் போவதற்கு முன்னால். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக்கூட இது மனப்பாடம். நான் தையல் கற்றுக்கொள்ள டவுன்ஷிப்புக்குப் போய்வந்த நாட்களில், அக்கா வீட்டுக்குப் போகும் நேரத்தை அதை வைத்துத்தான் கணக்குப் போடுவேன். அவர் பஸ்ஸிலிருந்து இறங்கி வரும்போது கையில் இந்தத் தூக்கு இருக்கும். வாசலில் அக்கா கையை நீட்டுவாள். அவர் கொடுக்கும் விதத்திலேயே அன்றைய நிலவரம் தெரிந்துவிடும். ஒருநாள் கொடுக்கவில்லை, வீசினார். அக்காவின் புருவத்தைக் கிழித்துக்கொண்டு போய் நிலைக்காலில் மோதி விழுந்தது. குழம்பில் உப்புக் கூடிவிட்டதாம். அடிப்பக்கத்தில் முதல் ஒடுக்கு அப்படி வந்தது. ரத்தம் கண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருக்க, அக்கா தரையில் குழம்பைத் துடைத்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

ஆஸ்பத்திரியில் கேட்டால் அக்கா சொல்வது ஒன்றே ஒன்றுதான். பாத்ரூம்ல வழுக்கி வுழுந்துட்டேங்க. புருவம் கிழிந்ததும் வழுக்கல். மணிக்கட்டு எலும்பு முறிந்து கோணலாகச் சேர்ந்ததும் வழுக்கல். நாலாம் மாதத்தில் ஒரு பிள்ளை வயிற்றிலேயே போனது, அதற்கும் வழுக்கல்தான். காயம்பட்டவர்களைப் பார்க்கும் அறையில் கண்ணாடி போட்ட ஒரு நர்ஸம்மா இருந்தார். பிள்ளை போன அன்று அவர் அக்காவிடம், "ஒங்க பாத்ரூம்ல அப்படி என்னம்மா இருக்கு?" என்று கேட்டார். அக்கா பக்கத்தில் நின்ற மாமாவைப் பார்த்தாள். மாமா சிரித்துக்கொண்டே, "பாசிங்க. தேச்சித் தேச்சிக் கழுவினாலும் போவ மாட்டேங்குது" என்றார்.

ஒவ்வொரு தடவையும் அக்கா ஒரு பையோடு வடக்குத்துக்கு வருவாள். இரண்டு நாள் போனதும் அப்பா கொண்டுபோய் விட்டுவிட்டு வருவார். "பர்மனெண்ட்டு கெடைக்கறது லேசா? வூடு, தண்ணி, கரண்ட்டு எல்லாம் சும்மா வருது. கொஞ்சம் அனுசரிச்சிக்கினு போனா என்ன?" என்பார். எனக்கு அப்பாவின் மேல் அப்போது வந்த ஆத்திரம் இன்னும் முழுசாக ஆறவில்லை. குவார்ட்டர்ஸ் வேண்டுமானால் அவரே போய்க் குடியிருந்திருக்கலாம். அக்கா எதிர்த்துப் பேசமாட்டாள். வெளியே வந்தால் அவளுக்கென்று ஒரு கதவுகூடக் கிடையாது என்பது அவளுக்குத் தெரியும். அடுத்த தடவை உயிரோடு வருவாளா என்பதுதான் என் பயம். அதைச் சொன்னால் அபசகுனமாகப் பேசுகிறேன் என்று எனக்குத்தான் திட்டு விழும்.

எங்கள் பக்கத்தில் மலை கிடையாது. பழைய சுரங்கத்திலிருந்து தோண்டிக் கொட்டிய மண்தான் எங்களுக்கு மலை. உச்சி இல்லாமல் மேசை மாதிரி தட்டையாக இருக்கும். நெய்வேலிப் பிள்ளைகளை மலை வரையச் சொன்னால் பாதிப் பேர் அப்படித்தான் வரைவார்கள். கொட்டி வருஷக்கணக்கானதால் அதன்மேல் தைலமரமும் முந்திரியும் நட்டுக் காடாகிவிட்டது. மேலே ஏறி மறுபக்க விளிம்புக்குப் போனால், தோண்டிய பள்ளத்தில் மழைத்தண்ணீர் தேங்கிய ஏரி. நீலமா பச்சையா என்று சொல்ல முடியாத நிறம். அதற்கு அப்பால் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள், வெள்ளை வெள்ளையாக எழும் நீராவி. காணும் பொங்கலுக்கு எங்கேயாவது போய் எதையாவது காண வேண்டுமே, நாங்கள் கட்டுச்சோறு எடுத்துக்கொண்டு அங்கே போவோம்.

அந்த வருஷம் மாமாவின் செக்‌ஷன் ஆட்கள் குடும்பத்தோடு போவதாக ஏற்பாடு. "நீயும் வா" என்று அக்கா என்னைக் கூப்பிட்டாள். முந்தின நாள் மாட்டுப்பொங்கலன்று அடி விழுந்திருந்தது, நடையிலேயே தெரிந்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். மழை அரித்த ஓடைகளைத் தாண்டித் தாண்டி, சரளையில் செருப்பு சறுக்க, ஒரு மணி நேரத்துக்குள் மேலே போய்விட்டோம். வழியெல்லாம் மாமா அடுத்தவர்களின் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். "ஒங்க மாமா மாதிரி ஆளு கெடைக்காதும்மா" என்று ஒரு அம்மா என்னிடம் சொன்னார். கெடைக்கவே வாணாம் என்று சொன்னேன், அவர் அதை வேடிக்கையாக எடுத்துக்கொண்டார்.

சாப்பாட்டுக்குப் பிறகு அக்கா தூக்கில் மிச்சமிருந்த புளிச்சோற்றை யாருக்காவது வேண்டுமா என்று கேட்டுக்கொண்டு நின்றாள். மாமா எழுந்து அவளுடைய இடதுகையைப் பிடித்து விளிம்புக்கு இழுத்துக்கொண்டு போனார். அப்போது அங்கே தடுப்பு எதுவும் இல்லை. "இவளுக்குத் தண்ணி பாக்கணும்னு ஆசையாம். தள்ளி வுட்டா இன்னும் நல்லாப் பாப்பா இல்ல?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அக்கா மெதுவாக, "வாணாங்க. வுடுங்க" என்றாள். அவர் அவளை ஒரு உலுக்கு உலுக்கினார். அவள் காலடியில் மண் உதிர்ந்து கீழே போனது. மறுபடியும் சிரிப்பு. புருஷன் பெண்டாட்டி விளையாட்டு என்றுதான் அவர்களுக்குத் தெரிந்தது. நான் அவருடைய கட்டைவிரலைப் பார்த்தேன். அது அக்காவின் கோணல் மணிக்கட்டில், முறிந்து சேர்ந்த அதே இடத்தில், நகம் வெளுக்க அழுத்திக்கொண்டிருந்தது.

நான் எழுந்து ஓடுவதற்குள் அவர் சிரித்தபடியே எங்கள் பக்கம் திரும்பினார், எல்லோரும் பார்க்கிறார்களா என்று. அக்கா வலதுகையில் இருந்த தூக்கை வீசி அவர் நெற்றிப்பொட்டில் அடித்தாள். சோறு சிதறியது. அவர் பிடியை விட்டார். இரண்டாவது அடி காதுக்கு மேலே விழுந்தது. தேங்காய் உடைத்த மாதிரி ஒரு சத்தம். மூன்றாவது முறை ஓங்கியபோது எதிரில் மாமா இல்லை.

சரிவில் புரண்டு புரண்டு போய், பாதியில் ஒரு முள்புதரில் மாட்டிக்கொண்டார். அதற்குக் கீழே செங்குத்தாக ஏரிதான். முகம் முழுக்க ரத்தமும் செம்மண்ணும். முதலில் அவர் வாயிலிருந்து வந்தது கெட்ட வார்த்தை. புதர் வேர் கொஞ்சம் பெயர்ந்ததும், "ஏய், கைய குடுடி, செத்துடுவன்டி" என்று அலறினார். அக்கா தூக்கைப் பிடித்தபடி விளிம்பில் நின்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை. அவர் போய்ச் சேரட்டும் என்று நான் நினைத்தேன். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமே இல்லை. ஆம்பிளைகள் வேட்டிகளை முடிச்சுப் போட்டு இறக்கி, இரண்டு பேர் இறங்கி, அவரை மேலே இழுத்துப் போட்டார்கள். காது பாதி தொங்கிக்கொண்டிருந்தது. அந்த நிலையிலும் எழுந்து அக்காவின் முடியைப் பிடிக்கத்தான் கை நீட்டினார். நான் நடுவில் போய் நின்றேன். எனக்கும் ஒரு அறை விழுந்தது. அப்போதுதான் மற்றவர்கள் சிரிப்பு மறந்து அவரைப் பிடித்துக்கொண்டார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், வேனில், அவருடைய சிநேகிதர்கள் பேசி முடிவு செய்துவிட்டார்கள். "கால் வழுக்கிடுச்சின்னு சொல்லிடலாம். குடும்பம்னா ஆயிரம் இருக்கும்." மாமாவும் தலையாட்டினார். பெண்டாட்டி கையால் அடி வாங்கினான் என்று செக்‌ஷனுக்குள் பேச்சு வந்தால் அவரால் தலைநிமிர்ந்து நடக்க முடியாதே. அக்கா ஜன்னலோரம் மடியில் தூக்கை வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தாள். அதில் மூடிக்குக் கீழே இரண்டாவது ஒடுக்கு விழுந்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

அதே அறை, அதே நர்ஸம்மா. காதைத் துடைத்துக்கொண்டே, "எப்பிடி ஆச்சி?" என்று கேட்டார்.

"வழுக்கி வுழுந்துட்டேங்க" என்றார் மாமா.

நர்ஸம்மாவின் கை நின்றது. கண்ணாடிக்கு மேலாக அக்காவைப் பார்த்தார். அக்கா முன்னால் வந்து தூக்கை மேசைமேல் வைத்தாள்.

"அவரு வழுக்கலைங்க. நான்தான் அடிச்சேன், இதால. எழுதிக்குங்க. இதுக்கு முன்னாடி நானும் ஒரு தடவகூட வழுக்கலைங்க. அதையும் எழுதிக்குங்க."

நர்ஸம்மா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "ஒக்காரும்மா. மொதல்லேர்ந்து சொல்லு" என்றார். அக்கா சொன்னாள். பிள்ளை போனதைச் சொல்லும்போதுதான் குரல் உடைந்தது. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

சாயங்காலம் அப்பா வந்தார். வந்ததும் வராததுமாக, "பர்மனெண்ட்டு மாப்ளய அடிச்சிட்டு வந்து நிக்கிறியே" என்று ஆரம்பித்தார். அக்கா அவருடைய கையை எடுத்துத் தன் மணிக்கட்டின் மேல் வைத்தாள். அப்பா அந்தக் கோணலைத் தடவிப் பார்த்தார். பிறகு வெளியே போனார். கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்று நினைத்தேன். ஆட்டோ கூட்டிக்கொண்டு வந்தார். "வா, வூட்டுக்குப் போலாம்" என்றார். அதற்கப்புறம் போலீஸ், பஞ்சாயத்து, கோர்ட் என்று கொஞ்ச காலம் அலைந்தோம். அவர் காயத்தோடு அக்காவின் பழைய காயங்களையும் ஆஸ்பத்திரியில் எழுதி வைத்திருந்ததால் மாமாவின் ஆட்கள் துள்ளவில்லை. அக்கா அந்த குவார்ட்டர்ஸ் வாசலை மறுபடி மிதிக்கவில்லை. என் தையல் கடையில் காஜா எடுக்க உட்கார்ந்தவள்தான், இன்று கடையே அவள் பேச்சில் நடக்கிறது. மாமா ரிட்டயராகி வேறு ஊருக்குப் போய்விட்டார். மண்மேட்டில் வழுக்கி விழுந்த கதையைத்தான் இன்னும் சொல்லிக்கொண்டிருப்பதாகக் கேள்வி.

இந்தக் காணும் பொங்கலுக்கு நாங்கள் இருவரும் மேலே போனோம். முட்டி வலிக்கிறது என்று அக்கா உட்கார்ந்து உட்கார்ந்துதான் ஏறினாள். இப்போது விளிம்பில் குழாய்த் தடுப்பு போட்டிருக்கிறார்கள். ஏரி அதே நிறத்தில் இருக்கிறது. தூக்கைத் திறந்து சாப்பிட உட்கார்ந்தோம். கொஞ்ச தூரத்தில் கல்யாணமாகி அதிக நாள் ஆகியிருக்காத ஒரு ஜோடி. கூட வந்தவர்கள் செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவன் அவளைத் தடுப்போடு சாய்த்து, கையைப் பிடித்துக்கொண்டு, "தள்ளி வுட்டுடட்டுமா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அக்கா அவனைப் பார்க்கவில்லை, அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பெண் சிரிக்கவில்லை.

அக்கா தூக்கை மூடினாள். மூடி உட்காரவில்லை, உள்ளங்கையால் தட்டி உட்கார வைத்தாள். எழுந்து நேராகப் போய் அவர்கள் பக்கத்தில் நின்றாள். கை தூக்கின் பிடியில் இருந்தது. "தம்பி, கைய எடுப்பா" என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை. "சும்மா வெளையாட்டுங்க" என்று அவன் சிரித்தான். "தெரியும். எடு" என்றாள் அக்கா. அவன் அக்காவையும் அவள் கையிலிருந்ததையும் பார்த்துவிட்டுக் கையை எடுத்தான். அக்கா அந்தப் பெண்ணிடம், "சாப்டியாம்மா? வா, எங்ககூட ஒரு வாய் சாப்புடு" என்றாள். அவள் வந்து எங்களுக்கு நடுவில் உட்கார்ந்து, மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே, தூக்கிலிருந்து எடுத்துச் சாப்பிட்டாள்.