பீக்குழிக் கம்பனி

எங்கள் லயத்தின், அந்த வரிசை வீடுகளின், பின்பக்கத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்காது. இலங்கையில், லுணுகலைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். வெள்ளைக்காரன் காலத்தில் கட்டிய கக்கூஸ் ஒன்று லயத்தின் கோடியில் இருந்தது. கூரை பறந்து, கதவு விறகாகி, குழி நிரம்பி வழிந்து, அதன் பக்கம் நாய்கூடப் போகாது. பெண்கள் விடியுமுன் தேயிலைக்குள் ஒதுங்கினோம். காலில் அட்டை ஏறும். பகலில் வயிறு வலித்தால் கொழுந்துக் கூடையோடு பல்லைக் கடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் மலையில் கிடந்ததெல்லாம் கரைந்து லயத்துச் சாக்கடைக் கானில் ஓடி வரும். அந்தக் கான் ஓரத்தில்தான் பிள்ளைகள் விளையாடின.

தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்ட காலம் அது. நான் பிள்ளைக்காம்பராவில், தாய்மார் வேலைக்குப் போகும்போது விட்டுப்போகும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தேன். ஒரு மழைக்காலத்தில் வயிற்றோட்டம் வந்தது. குழந்தைகளின் துணியை அலசி அலசி என் கை விரல்கள் வெளுத்துப்போயின. என் அண்ணன் மகளும் என் மடியிலேதான் துவண்டாள். பல் முளைக்கத் தொடங்கியிருந்த பிள்ளை. பதுளைக்குக் கொண்டுபோக லொறி கேட்டு அண்ணன் ஆபிஸ் வாசலில் நின்றுகொண்டிருந்தபோதே முடிந்துவிட்டது.

தோட்டத்து மருந்துக்காரர் வந்து பார்த்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு சொன்னார்: "ஒங்க ஆளுகளுக்குச் சுத்தம்னா என்னன்னே தெரியாது."

அண்ணி பிள்ளையின் முகத்தைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். நான்தான் வெளியே போய் வாந்தி எடுத்தேன். நாற்றத்தால் அல்ல. அந்த நாற்றத்தில்தான் பிறந்திருந்தேன். அந்த மனிதரின் வாயிலிருந்து வந்ததைத்தான் என் வயிறு ஏற்கவில்லை.

அடுத்த வருடம் பதுளையிலிருந்து ஒரு சேவைச் சங்கம் வந்தது. அதன் செயலாளர் வெள்ளைச் சட்டை போட்ட, சிரித்த முகமுள்ள மனிதர். பிள்ளைக்காம்பரா முன்னால் பாய் விரித்து எல்லோரையும் உட்கார வைத்து, "உங்கள் பிரச்சினைக்கு நீங்களே தீர்வு சொல்ல வேண்டும்" என்றார். எங்களிடம் யாரும் அப்படிக் கேட்டதே கிடையாது.

அண்ணி எழுந்து நின்றாள். "கக்கூஸ் வேணுங்க ஐயா. பெருசா ஒண்ணும் வேணாம். வீட்டுக்கு ஒண்ணு, சின்னதா இருந்தாப் போதும்."

அவர் தலையாட்டினார். மூன்றாம் மாதம், எங்கள் லயத்துக்குப் பக்கத்தில்கூட அல்ல, தார் ரோட்டோரத்தில் ஒரு கட்டடம் எழும்பியது. வெள்ளை ஓடு பதித்த சுவர், நீலக் கதவு, வாசலில் சங்கத்தின் பெயர்ப் பலகை. திறப்பு விழாவுக்கு வாழைமரம் கட்டினார்கள். சாம்பிராணி போட்டார்கள். ஒரு கக்கூசுக்கு முன்னால் தேங்காய் உடைத்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். விழா முடிந்ததும் கதவில் பூட்டு விழுந்தது.

மறுநாள் அண்ணி வாளியோடு போய்த் திரும்பி வந்தாள். நானும் அவளும் ஆபிசுக்குப் போய், அங்கே வைத்திருந்த பூட்டின் திறப்பைக் கிளாக்கர் ஐயாவிடம் கேட்டோம்.

"அது மாதிரிக் கக்கூஸ்மா" என்றார் அவர். "வெளியில இருந்து ஆளுக பாக்க வருவாங்க. நீங்க போனா அழுக்காக்கிப்புடுவீங்க."

"அப்ப நாங்க எங்கங்க போறது?"

"இவ்வளவு காலம் எங்க போனீங்களோ, அங்கதான்."

ஆட்கள் வரத்தான் செய்தார்கள். கொழும்பிலிருந்து வந்தார்கள், கடல் தாண்டியும் வந்தார்கள். அவர்கள் வரும் நாளில் மலை ஊற்று விழும் பீலியிலிருந்து தண்ணீர் தூக்கிவந்து தொட்டியை நிரப்புவது என் வேலை. அவர்கள் உள்ளே போய் வந்து கைகழுவி, எங்கள் பிள்ளைகளை வாசலில் நிறுத்திப் படம் எடுப்பார்கள். ஒரு வெள்ளைக்கார அம்மா என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். நான் வாய் திறக்குமுன் செயலாளர் இங்கிலீசில் பதில் சொல்லி முடித்துவிட்டார். அந்த அம்மாவுக்கு ரொம்பச் சந்தோஷம். என் தோளைத் தட்டினார். அன்றைக்கு ராத்திரி அந்தத் தோளைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தேன்.

அண்ணி அதற்குப் பிறகு அந்தப் பக்கம் திரும்பவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு லுணுகலைக்குப் போனாள். சாமான் வாங்கும் கடைகளைத் தாண்டி நேரே இரும்புக் கடைக்குள் நுழைந்தாள். கடைக்காரர் ஒரு வயதான முஸ்லிம், எல்லோருக்கும் நானா. குழிக்கு மேலே மூடுகிற கொங்கிரீட் பலகை, நடுவில் ஓட்டையும் கால் வைக்க இரண்டு மேடும் உள்ளது, அவரிடம் விற்பனைக்கு இருந்தது.

"இத நாங்களே செய்ய ஏலாதா நானா?" என்று அண்ணி கேட்டாள்.

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "செய்யலாம் புள்ள. அச்சு ஒண்டு சும்மாதான் ஈக்கி. சீமெந்து என்கிட்டயே எடுங்க. அச்சுக்குக் காசு தேவல்ல."

அவருக்கும் அதில் வியாபாரம் இருந்தது. ஆனால் மறைக்கவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

லயத்துப் பெண்கள் நாலைந்து பேர் சேர்ந்தோம். ஆற்றிலிருந்து மணல் சுமந்தோம், கல் உடைத்தோம், உள்ளே வைக்கப் பழைய வேலிக் கம்பி பொறுக்கினோம். முதல் பலகையைத் தூக்கும்போதே இரண்டாகப் பிளந்தது. வெயிலில் காயவிட்டதுதான் பிழை என்று நானா சொன்னார். அதன் பிறகு கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கை நனைத்து மேலே போட்டு வைத்தோம். பலகை இறுகியது.

ஆண்கள் எங்களுக்குப் பெயர் வைத்தார்கள்: பீக்குழிக் கம்பனி. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் நாங்கள் போய் நின்றால் யாராவது மூக்கைப் பிடிப்பான். சாராயம் குடித்துவிட்டுக் கானில் விழுந்து கிடக்கிறவனும் எங்களைப் பார்த்து மூக்கைப் பிடித்தான்.

அண்ணன் வெட்கத்தில் குமைந்தான். "நாலு பேரு சிரிக்கிற மாதிரி ஒனக்கு என்னடி இந்த வேல?"

"சிரிக்கட்டும். நம்ம புள்ள செத்தப்ப இவனுக சிரிக்கலயா? கான்ல ரெண்டு வாளி தண்ணிய ஊத்திட்டுப் போயிச் சீட்டு வெளாண்டானுக. நீ வந்து குழிய வெட்டு."

அண்ணன் வெட்டினான். தோட்டத்துக் காணியில் கேட்காமல் குழி வெட்டக் கூடாது என்று கணக்கப்பிள்ளை ஓடி வந்தார். "அப்ப நீங்களே வந்து எங்க ஒதுங்கலாம்னு காட்டுங்க" என்றாள் அண்ணி. அவர் வந்த வழியே போனார்.

எங்கள் லயத்துக்கு முடிந்ததும் பக்கத்து லயத்தார் வந்து கேட்டார்கள். முடிந்தவர்கள் விலை கொடுத்தார்கள். அதில் மிஞ்சியதைக் கொண்டு முடியாத வீடுகளுக்கு, புருஷன் இல்லாத இரண்டு பேருக்கு முதலில், பலகை போட்டோம். வேறு தோட்டத்திலிருந்தும் ஆள் வர ஆரம்பித்தது.

அந்தச் செய்தி பதுளைக்கு எட்டியது. செயலாளர் ஜீப்பில் வந்து இறங்கினார். எங்கள் சாக்குத் தட்டிகளையும் குழிகளையும் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தார். "எங்கள் முயற்சி வேர் விட்டுவிட்டது" என்று கூட வந்தவரிடம் சொன்னார். பிறகு அண்ணியிடம் வந்தார்.

"சீமெந்து முழுவதையும் சங்கம் தரும். ஒவ்வொரு பலகையிலும் சங்கத்தின் பெயர் பதிந்திருக்க வேண்டும். அவ்வளவுதான்."

எனக்கு உடம்பு கூசியது. ஆனால் சீமெந்து வேண்டியிருந்தது. அன்று சாயங்காலம் நாங்கள் ஆளுக்கொன்று பேசினோம். அண்ணி மட்டும், "கேட்டத செஞ்சு குடுப்போம்" என்றாள். அச்சில் பதிக்க எழுத்தை இடம்வலமாக மாற்றித் தகரத்தில் வெட்டிக்கொடுத்தவர் நானாவின் மகன்.

அடுத்த முறை செயலாளர் விருந்தாளிகளோடு வந்தபோது, காய்ந்து முடிந்த பலகைகள் வரிசையாகக் கிடந்தன. சங்கத்தின் பெயர் அழகாக, எழுத்துப் பிசகாமல் இருந்தது. கால் வைக்கும் இரண்டு மேட்டுக்கும் நடுவில், ஓட்டையை ஒட்டி.

"என்ன இது? இங்கேயா போடுவது?"

"ஓரத்துல போட்டா மண்ணு மூடிருங்க ஐயா" என்றாள் அண்ணி அடக்கமாக. "இங்கன்னா குந்துற எல்லாரும் தெனமும் பாப்பாங்க."

விருந்தாளிகளில் ஒருவருக்குத் தமிழ் தெரிந்திருந்தது. அவர் இருமுவதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். செயலாளர் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்தார். அங்கே அப்போது எந்த நாற்றமும் இல்லை. அச்சில் புதிதாக வார்த்திருந்த ஈரச் சீமெந்தின் வாசம் மட்டும்தான்.

சங்கத்தின் சீமெந்து அத்தோடு நின்றது. கொஞ்ச காலம் வேலை படுத்துப்போனது. எங்களில் ஒருத்தி விலகினாள். ஒரு குடும்பம் இந்தியாவுக்குப் போய்விட்டது. நானாவிடம் கடன் சொல்லிச் சீமெந்து எடுத்து மெதுவாக மறுபடி தொடங்கினோம்.

அந்த ஐப்பசியில் எங்கள் லயத்துக் கானில் மழைத் தண்ணீர் மட்டும் ஓடியது. பிள்ளைக்காம்பராவில் துணி அலசுவது பாதியாகக் குறைந்தது. எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். மேல் லயத்துக்காரர்கள், தங்கள் லயம் கோயிலுக்குப் பின்னால் இருப்பதால் அங்கே குழி வெட்டக் கூடாதென்று கடைசிவரை மறித்தார்கள். அவர்கள் கழித்ததெல்லாம் எங்கள் பீலித் தண்ணீருக்குத்தான் வந்து சேர்ந்தது. அதைத்தான் காய்ச்சிக் குடித்தோம்.

"இந்தச் சனியன் தண்ணிக்கு இனி என்ன செய்யிறது?" என்று நான் எரிந்து விழுந்தேன்.

அண்ணி சேலையை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு, "அவுங்க லயத்துக்கும் மேல ஊத்துக் கண்ணு எங்க இருக்குன்னு பாப்பம் வா" என்று மண்வெட்டியோடு மலை ஏறினாள். கால் வைக்க இடம் பார்த்து, அருவருப்போடுதான் நானும் பின்னால் ஏறினேன்.