முகம் பார்க்காத ஒன்று

எனக்கு வேலை தந்த மனிதரின் வேலையையே பிழை என்று சொல்ல வேண்டி வந்த நாள் ஒன்று உண்டு. அதை நினைத்தால் இன்றைக்கும் அவர் மேல் நன்றிதான் பொங்குகிறது.

அப்பாவைக் களுபோவில ஆஸ்பத்திரிக்கும் கொட்டாஞ்சேனை வீட்டுக்குமாகக் கொண்டு திரிந்ததில் என் பழைய வேலை போய்விட்டது. அவர் காலமான பிறகு நேர்முகத்துக்குப் போன இடமெல்லாம், "இடையில ஏன் வேலை செய்யேல்ல?" என்பதுதான் முதல் கேள்வி. வெள்ளவத்தையில் ஒரு புடைவைக் கடையின் மேல்மாடியில் இருந்த சின்ன மென்பொருள் அலுவலகத்தில்தான் வேறு கேள்வி வந்தது. அங்கே எல்லோரும் அண்ணா என்று கூப்பிடும் பொறுப்பாளர், நான் சொன்ன காரணத்தைக் கேட்டுவிட்டு, "அப்பா இப்ப எப்பிடி?" என்றார். இப்ப இல்லை என்றேன். "திங்கள்ல இருந்து வாரும்" என்றார். சில மாதம் பார்த்துவிட்டு நிரந்தரமாக்குவார்கள். அதற்குக் கையெழுத்து வைப்பவரும் அவரே.

பார்மசிகளில் மருந்துப் பையில் ஒட்டும் துண்டை அச்சடிக்கும் மென்பொருள் எங்களுடையது. ஒரு கடைக்கு மூன்று மொழியும் வேண்டும், இன்னொரு கடைக்கு எழுத்துப் பெரிதாக வேண்டும். அதற்காகப் பிறகு செருகிக்கொள்ளும் சின்னச் சின்னத் துணை நிரல்கள்தான் ப்ளகின்கள். அவற்றைச் சரிபார்க்க எங்களிடம் அழகான முறை ஒன்று இருந்தது. எழுதியவரிடமே "பாத்தாச்சோ?" என்று கேட்போம். அவர் "ஓம், பாத்தனான்" என்பார். அத்தோடு சரி. மேலே துருவினால் முகம் முறிந்துவிடுமாம்! எனக்கு வாய் சும்மா இராது. "மருந்து விஷயத்தில என்ன முகத்தாட்சண்யம்?" என்று கூட்டத்தில் கேட்டுவிட்டேன். அண்ணா சிரித்தார்.

"அப்ப முகம் பாக்காத ஒண்டை நீரே எழுதும்."

எழுதினேன். கறுப்புத் திரையில் ஒரு கட்டளை தட்டினால், ஸ்கிரிப்ட் என்கிற என் சின்ன நிரல் ஒவ்வொரு ப்ளகினாகத் திறந்து, கற்பனை நோயாளிகள் இருவருக்கு அடுத்தடுத்துத் துண்டு தயாரித்துப் பார்க்கும். முதலாமவரின் விவரம் இரண்டாமவரின் துண்டில் ஒட்டிக்கொண்டு வந்தால் சிவப்பு. இல்லையென்றால் பச்சை.

எல்லோருக்கும் அதைக் காட்டவேண்டிய காலையில் திறந்து பார்த்தால், நான் எழுதாத வரி ஒன்று உள்ளே இருந்தது. அண்ணாவின் ப்ளகினைப் பார்க்காமல் தாண்டிப் போகச் சொல்லும் வரி. பக்கத்து மேசைத் தோழியின் கைவரிசை.

"அவர்ட ப்ளகினையுமா செக் பண்ற? மரியாதை இல்லியே" என்றாள்.

கணினிக்கும் மரியாதை பழக்கியிருக்கிறாளே என்று கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. வரியை நீக்கிவிட்டு ஓட்டினேன். அண்ணாவின் ப்ளகின் சிவப்பு. முதல் நோயாளிக்குரிய மருந்தளவு இரண்டாமவரின் துண்டிலும் நின்றது.

என்னை நிரந்தரமாக்க அவர் கையெழுத்து வைக்கவேண்டிய மாதம் அது. யாரும் எடுக்காத என்னை எடுத்தவரை எல்லோர் முன்னாலும் சிவப்பாக்கினால் நான் நன்றி கெட்டவள் இல்லையா? அந்த வரியைத் திரும்பப் போட்டால் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் அப்பாவுக்கு ஒவ்வொரு வேளையும் நான் அப்படியொரு துண்டை நம்பித்தானே மாத்திரை கொடுத்தேன். வரி இல்லாமலே கூட்டத்துக்குப் போனேன்.

பெரிய திரையில் சிவப்பு விழுந்தது. தோழி மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணா எழுந்து கிட்ட வந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு வாசித்தார்.

"மற்ற ஆக்கள் எழுதினதுக்கும் இப்பிடித்தான் சொல்லுமோ?"

"ஓம் அண்ணா."

"நல்லது. பிழை என்ரதான்."

என் கதிரையிலேயே உட்கார்ந்து திருத்தத் தொடங்கினார். நான் பக்கத்தில் நின்றேன். மீண்டும் ஓட்டினோம். பச்சை.

"இனி முதல்ல என்ரயைப் போடும். அப்பத்தான் மற்றவை கோவிக்கமாட்டினம்" என்றார். இன்றுவரை அந்த ஒழுங்கு மாறவில்லை.

நிரந்தரக் கடிதத்தில் அந்த வாரமே கையெழுத்து வைத்து நீட்டினார். நன்றி சொல்ல வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டித் தடுத்தார்.

"அப்பாக்கும் இப்பிடிப் பாத்துப் பாத்துத்தானே மருந்து குடுத்திருப்பீர்" என்றார்.

நேர்முகங்களில் மற்றவர்கள் நான் வேலை செய்யவில்லை என்று சொன்ன காலம் அது. ஓம் என்று சொல்லிக் கடிதத்தை வாங்கிக்கொண்டேன்.