தாலி நேரத்துக் குரவை

போன ஆவணியில், மார்த்தாண்டத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது இது. இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

கல்யாணப் பெண் என் கொழுந்தனின் மகள். என் மைனி, அதாவது என் வீட்டுக்காரரின் அக்கா, அவளுக்கு அத்தை. மைனி சின்ன வயதில் கோயில் கொடைத் திருவிழாக்களில் பாடி ஆடியவர். பிறகு நாடகக் கம்பெனி, அங்கிருந்து சென்னை, சினிமா. கதாநாயகிக்குப் பின்னால் வரிசையாக ஆடுவார்களே, அதில் ஒருத்தியாக எத்தனையோ படங்களில் வந்திருக்கிறார். கால் முட்டு தேய்ந்த பிறகு ஊருக்கு வந்து எங்களோடுதான் இருக்கிறார். அந்தப் பெண்ணை மடியை விட்டு இறக்காமல் வளர்த்தது அவர்தான்.

தாலி கட்டும்போது பெண்கள் நாக்கைச் சுழற்றிக் குரவை போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். இவள் கல்யாணத்தில் முதல் குரவை தன்னுடையதாக இருக்க வேண்டும் என்று மைனிக்கு ஒரே ஆசை. கோழிக்குத் தீனி போடும்போதெல்லாம் போட்டுப் பார்ப்பார்.

"கோழி எல்லாம் ஓடிப்போச்சு மைனி" என்று நான் கேலி செய்வேன்.

"கோழிக்கு என்னட்டி தெரியும்?" என்பார்.

முகூர்த்த நேரத்தில் பட்டுச்சேலை கட்டி மணவறைப் பக்கம் போனவரைக் கொழுந்தன் மறித்தார். "எக்கா, நீ சாப்பாட்டு ஹாலப் பாத்துக்க. சினிமாவுல ஆடுனவ முன்னால நின்னா மாப்பிள வீட்டுக்காரங்க ஒரு மாதிரி பேசுவாவ."

மைனி திரும்பி நடந்தார். கெட்டிமேளம் கேட்டபோது அவர் பந்தியில் இலை போட்டுக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் வரவேற்பு. அதே மனிதர் சிரித்துக்கொண்டே வருகிறார். "எக்கா, நீ சினிமாவுல ஆடுனது சம்பந்திக்காரங்களுக்குத் தெரிஞ்சு போச்சு. எல்லாரும் கேக்காவ. மேடையில ஏறி ரெண்டு ஸ்டெப்பு போடேன்."

"தாலி கட்டும்போ என் மொகம் ஆவாது. இப்பம் காலு மட்டும் ஆவுமாலே?" என்றார் மைனி.

ஆனாலும் மேடைக்குக் கிளம்பினார். போக வேண்டாம் என்று நான் கையைப் பிடித்தேன். "விடு ஏட்டி" என்று உதறிவிட்டுப் போனார். செல்போன்கள் எல்லாம் உயர்ந்தன. மைனி பாட்டை நிறுத்தச் சொன்னார். மைக்கை வாங்கினார். பெண்ணின் தாடையைத் தொட்டுக்கொண்டு குரவை போட்டார், பாருங்கள்!

மண்டபமே அசந்து போனது. பெண் "அத்தே" என்று அவர் தோளில் முகம் புதைத்தாள். நாலு பேர் முன்னால் வாய் திறக்காத நானும் இருந்த இடத்தில் எழுந்து குரவை போட்டேன். என் பின்னால் இன்னொரு குரவை கேட்டது. திரும்பினால், மாப்பிள்ளையின் அம்மா. அவர்கள் என்ன பேசுவார்களோ என்றுதானே கொழுந்தன் பயந்தார்!

மறுநாள் அந்த வீடியோவைக் கொழுந்தன் எல்லோருக்கும் அனுப்பியிருந்தார், 'எங்க அக்கா, சினிமா ஆர்ட்டிஸ்ட்' என்று எழுதி. மைனி பார்த்துச் சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை. தாலி ஒரு தடவைதான் கட்டுகிறார்கள். எத்தனை பேருக்கு வீடியோ அனுப்பினாலும், அந்த நேரத்துக் குரவையை அவரால் என் மைனிக்குத் திருப்பித் தர முடியாது.