ஏழாவது குழாயில் தண்ணீர் ஏறியது

மிசோசி சகாலாவால் சேர்ந்தாற்போல் ஐந்து நிமிடம் ஓரிடத்தில் இருக்க முடியாது. பிரசங்கம் பாதியில் இருக்கும்போதே எழுந்து வெளியே போய்விடுவாள். கணவன் இறந்தபின் செம்புச் சுரங்கத்தில் பெருக்குகிற வேலைதான் அவளுக்குக் கிடைத்தது. கழிவு அணையில் தண்ணீர் அளக்க வைத்திருந்த ஆள் மரத்தடியில் படுத்துக்கொண்டு நேற்றைய எண்ணையே இன்றும் எழுதி வந்தது வெளிப்பட்டபோது, "நிக்காம நடக்கிற ஆளு யாரு இருக்கா?" என்று மேலிடம் கேட்டது. எல்லோரும் அவளைக் கைகாட்டினார்கள். அன்றிலிருந்து ஆறு வருடமாகத் தினமும் மூன்று கிலோமீட்டர் கரை மேல் நடக்கிறாள்.

பாறையை அரைத்து, செம்பை நுரையோடு வழித்தெடுத்தபின் மிஞ்சும் சாம்பல்நிறக் கூழ் அந்தக் கரைக்குப் பின்னால்தான் தேங்கும். கரையும் அதே கழிவு மணலில் எழும்பியதுதான். அதற்குள் செங்குத்தாகப் பன்னிரண்டு இரும்புக் குழாய்கள். நாடா முனையில் கட்டிய பித்தளைக் குண்டை உள்ளே விடுவாள். 'பொளக்'கென்று சத்தம் கேட்டால் தண்ணீர். குழாயின் வாயிலிருந்து ஒன்பது மீட்டர் ஆழத்தில் இருந்தால் நிம்மதி. நாலுக்கு வந்துவிட்டால் ஆலையை நிறுத்த வேண்டும்.

அந்த அக்டோபரில் ஏழாவது குழாய் அவளைத் தூங்கவிடவில்லை. பத்து நாளுக்கு முன் எட்டு புள்ளி இரண்டு. பிறகு ஏழு. பிறகு ஆறரை. காரணம் அவளுக்குத் தெரியும். வரவரப் பாறையில் செம்பு குறைந்துகொண்டே போனது. இன்னும் நைசாக அரைத்தால் இன்னும் கொஞ்சம் செம்பு தேறும் என்று தலைமை அலுவலகம் உத்தரவு போட்டிருந்தது. மணலில் ஊற்றிய தண்ணீர் வடியும். மாவில் ஊற்றிய தண்ணீர் வடியுமா? சோள மாவைக் கிளறி ந்ஷிமா சமைக்கும் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்லியிருப்பாள். அவர்கள் எந்தப் பெண்ணையும் கேட்கவில்லை.

அன்று காலை குண்டு சீக்கிரமே சத்தம் போட்டது. ஐந்து புள்ளி ஒன்று. வாக்கி டாக்கியை எடுத்தாள்.

"ஏ குரங்கு தின்னி, கேக்குதா?"

"சொல்லு எலி தின்னி," என்றான் ஆலையின் மேற்பார்வையாளன் கபாசா. "இன்னிக்கு எத்தனை எலி புடிச்ச குழாயில?"

"ஒங்கப்பன் கட்டுன கரை ஒண்ணுக்குப் போகுதுடா. ஏழாம் நம்பர் அஞ்சு புள்ளி ஒண்ணு."

"அஞ்சா! ங்கோனிக்காரிக்கு அஞ்சுக்கு மேல எண்ணத் தெரியாதுன்னு எங்க தாத்தா அன்னிக்கே சொன்னாரு!"

அவனுக்குப் பின்னால் நாலைந்து பேர் சிரித்தது கேட்டது.

கபாசா பெம்பா குலத்தான், மிசோசி ங்கோனி. ஒருகாலத்தில் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்ட குலங்கள், சண்டை ஓய்ந்ததும் கேலிமுறைக்காரர்கள் ஆயின. முறைக்காரன் என்ன சொன்னாலும் கோபிக்கக் கூடாது. அவள் புருஷனைப் புதைத்த அன்று கபாசா குழிக்குள் இறங்கிப் படுத்துக்கொண்டு, "ஒரு கோழி குடுத்தாதான் எந்திரிப்பேன், இந்த ங்கோனியக் கொண்டுபோய் வேற எங்கயாவது புதைங்க," என்று அடம்பிடித்தான். அழுதுகொண்டே அவள் சிரித்த நாள் அது. பத்து நாளாக இதே கேலியில்தான் அவனுக்கு எண்களைச் சொல்லி வந்தாள். அவனும் அதே கேலியில்தான் கேட்டுக்கொண்டான்.

மனம் கேட்கவில்லை. கரைச் சரிவில் இறங்கி அடிவாரத்துக்குப் போனாள். அங்கேதான் தங்கை எஸ்னாத்தியும் இன்னும் முப்பது பெண்களும் கீரையும் கோஸும் போட்டிருந்தார்கள். ஊரில் மற்ற பாத்திகளெல்லாம் வெயிலில் வெடித்துக் கிடக்க, இங்கே மட்டும் புதிதாக ஓர் ஊற்று. போதகர் வந்து ஜெபம் பண்ணி, பக்கத்துக் குச்சியில் வெள்ளைத் துணி கட்டிவிட்டுப் போயிருந்தார்.

"அக்கா, செருப்பக் கழட்டிட்டு வா. தேவன் குடுத்த ஊத்து."

"தேவனுக்குக் கரைக்கு அடியிலதான் எடம் கெடச்சுதா? எதுத்த மேட்டுல குடுத்தா ஆகாதா?"

"ஒன் வாயில புழுதான் வைக்கும், பாத்துக்க."

மிசோசி குனிந்து தண்ணீரைக் கையில் அள்ளினாள். "எப்பவும் இந்த நெறந்தானா?"

"நேத்துவரைக்கும் கண்ணாடி மாதிரி ஓடுச்சு. இன்னிக்குக் காலையிலதான் பால் கலந்த மாதிரி இருக்கு. ஆசீர்வாதம் கெட்டிப்படுதுன்னு போதகர் சொன்னாரு."

காலி பாட்டில் ஒன்றில் ஊற்றுத் தண்ணீரைப் பிடித்து, நிழலில் வைத்து, அதைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். கொஞ்ச நேரத்தில் அடியில் ஒரு விரல் கனத்துக்குச் சாம்பல்நிறப் பொடி படிந்தது. தொட்டுத் தேய்த்துப் பார்த்தாள். ஆறு வருடமாக அவள் செருப்பில் ஒட்டுகிற அதே பொடி. தெளிந்த தண்ணீர் வந்தவரை கரை வியர்த்தது, அவ்வளவுதான். கலங்கிய தண்ணீர் என்றால் கரையே உள்ளுக்குள் கரைந்து வெளியேறுகிறது.

"எஸ்னாத்தி, எல்லாரையும் கூட்டிக்கிட்டு எதுத்த மேட்டுக்கு ஏறு. இப்பவே."

"கோஸ் நட்டு நாலு நாள்கூட ஆகல. போட்டுட்டு ஓடச் சொல்றியா? பத்து நாளா நீயும் அந்தக் கபாசாவும் இதையே சொல்லிச் சிரிக்கிறீங்களாம், ஊரே சொல்லுது."

யாரும் அசையவில்லை. மிசோசி வாக்கி டாக்கியில் கத்தினாள்: "கபாசா, கரை போகுது!"

"போகட்டும் விடு! கெழக்கால ஒங்க ங்கோனி ஊருப் பக்கம் போனா ஒங்காளுங்க புடிச்சுத் தின்னுடுவாங்க!"

சுண்ணாம்பு ஏற்றி வந்த லாரியை மறித்து ஏறினாள். ஆலை வரை ஓட்டுநர் பக்கத்தில் அவளால் உட்கார முடியவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தாள். இன்னும் சத்தமாகத் திட்டினால் கபாசா இன்னும் பெரிதாகச் சிரிப்பான். அழுதால் நடிக்கிறாள் என்பான். அவனோடு பேசத் தெரிந்த எல்லா வார்த்தையும் கேலியாகவே இருந்தது.

கட்டுப்பாட்டு அறைக்குள் போனவள் தலைக்கவசத்தைக் கழற்றி வைத்தாள். முழங்காலிட்டாள். பெரியவர்கள் முன் மரியாதைக்குத் தட்டுவதுபோல் உள்ளங்கைகளைக் குவித்து மெல்லத் தட்டினாள்.

"கபாசா ஐயா அவர்களுக்கு வணக்கம்."

கபாசா சிரிக்க வாயெடுத்தான். அவள் தலை நிமிரவில்லை.

"ஏய்... என்ன இது? யாரு செத்தா?"

"இன்னும் யாரும் சாகலீங்க, ஐயா."

பாட்டிலை அவன் கையில் கொடுத்தாள். அவன் அதை ஆட்டிப் பார்த்தான், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். பிறகு அவள் சொல்லும் எண்களை எழுத வேண்டிய பதிவேட்டைப் புரட்டினான். ஏழாவது குழாய்க்கு நேரே பத்து நாளும் எட்டு புள்ளி இரண்டு. அவன் கையெழுத்துதான்.

"நீ வெளையாடுறேன்னு நெனச்சிட்டேன்."

"நானும் வெளையாட்டாத்தாங்க ஐயா சொன்னேன். தப்பு எம்மேலயும்தான்."

மேலாளருக்குத் தொலைபேசி போட்டான். ஆலையை நிறுத்துவதாவது, திங்கட்கிழமை பொறியாளர் வந்து பார்க்கட்டும் என்று எதிர்முனை சொல்லிக்கொண்டே இருந்தது. பேச்சு முடியுமுன் கபாசா இன்னொரு கையால் சிவப்புப் பொத்தானை அழுத்தினான். அரைவை உருளைகள் ஒவ்வொன்றாக அடங்கின. பதினோரு வருடமாக ஓயாத சத்தம் ஓய்ந்ததும் சந்தையில் இருந்தவர்களெல்லாம் எழுந்து நின்றார்கள். மிசோசி சொல்லி அசையாத பெண்கள், ஆலை ஓய்ந்து சங்கும் ஊதியபின் மேட்டுக்கு ஏறினார்கள். எஸ்னாத்தி கோஸ் நாற்றுகளை வேரோடு பிடுங்கிக் கூடையில் சுமந்துகொண்டு கடைசியாக ஏறினாள்.

அன்று பிற்பகல் மூன்று மணிக்குக் கரையின் வெளிச்சரிவில் இருபது மீட்டர் அகலத்துக்கு மண் சரிந்து இறங்கியது. ஊற்றும் வெள்ளைத் துணியும் ஒன்பது பாத்திகளும் புதைந்தன. கூழ் மேற்கொண்டு வராததால் மீதிக் கரை நின்றது. மூன்று வாரம் லாரி லாரியாகக் கல் கொண்டுவந்து அடிவாரத்தில் கொட்டினார்கள். கலங்கிய கழிவுநீர் ஓடையில் இறங்கி, கபுவே ஆற்றுவரை மீன் செத்து மிதந்தது. ஊற்றை அடைத்தவள் சூனியக்காரி என்று போதகர் பேசினார். பாத்தி போன பெண்களில் பாதிப்பேர் அதை நம்பினார்கள். எஸ்னாத்தி நம்பவில்லை, ஆனாலும் இரண்டு மாதம் அக்காவோடு பேசவில்லை.

விசாரணை நடந்தது. நைசாக அரைக்கச் சொன்னவர்கள் பெயர் அதில் எங்கும் வரவில்லை. கபாசாவுக்கு ஒரு கடிதம், மிசோசிக்கு ஒரு கடிதம். 'பணிநேரத்தில் தகாத மொழியில் பேசி, அபாயத் தகவல் தாமதமாகக் காரணமாக இருந்ததற்கு இறுதி எச்சரிக்கை.' அலுவலக அதிகாரி பேனாவை நீட்டினான்.

"படிச்சாச்சுல்ல? கையெழுத்துப் போடும்மா."

அவள் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதுல எண்ணு ஒண்ணுகூட இல்லையே."

"என்ன எண்ணு?"

"எந்தத் தேதிக்கு எத்தனை மீட்டர்னு. எந்த மாசத்துலேருந்து அரைவைய நைசாக்குனாங்கன்னு."

"அதெல்லாம் எழுதுற எடம் இது இல்ல."

"நான் திட்டுனத எழுத மட்டும் எடம் இருக்காக்கும்?"

பேனாவை வாங்கிக் கடிதத்தின் பின்பக்கத்தைத் திருப்பினாள். பத்துத் தேதிகள், ஒவ்வொன்றுக்கும் நேரே ஏழாவது குழாயின் ஆழம். கீழே, அரைவையை மாற்றிய மாதம், உத்தரவு வந்த இடம். அதற்கும் கீழேதான் கையெழுத்துப் போட்டாள். அதிகாரி பதறிப்போய் வேறு தாள் தேடினான். அதற்குள் அவள் வெளியே போய், கரைக்குப் போகும் லாரியில் ஏறிவிட்டாள். ஆலை மறுபடி ஓடத் தொடங்கி நாலு நாள் ஆகியிருந்தது. அரைவை அதே மாவு அரைவை.