திரைக்குப் பின்னால் நீண்ட கை

“நாடியில மூணு விரலை வச்சேம்னா, எப்பேர்ப்பட்ட கள்ளன் கையும் எங்கிட்ட உண்மையைத்தான்வே சொல்லும். ஆளு மூஞ்சியைப் பாக்கணும்னே இல்ல!”

கொக்கிரகுளம் டீக்கடையில் சித்த வைத்தியர் அம்பலவாணன் இப்படிப் பிரகடனம் செய்தபோது அதற்கு இரண்டு சாட்சிகள் இருந்தன: ஓர் ஆமவடை, ஒரு டாக்டர் தானியேல். வடை உடனே தீர்ந்துவிட்டது. தானியேல் மனதில் வைத்துக்கொண்டார்.

இருவரும் பல வருடமாக ஆற்றங்கரையில் சேர்ந்து காலை நடை போடுகிறவர்கள். அம்பலவாணன் தச்சநல்லூரில் சூரணம் கொடுப்பவர். தானியேல் ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர். அத்தனை வருடமும் அம்பலவாணனுக்கு ஒரே ஏக்கம்தான்: இங்கிலீஷ் வைத்தியம் படிக்கும் பிள்ளைகள் தன் வைத்தியத்தைப் பற்றி ஒரு மணி நேரம் கேலி செய்யாமல் கேட்க வேண்டும்.

“அண்ணாச்சி, வெள்ளிக்கிழமை எங்க முதல் வருசப் பிள்ளேளுக்கு நீங்கதான் பாடம் எடுக்கணும்,” என்றார் தானியேல்.

அன்று முதல் அம்பலவாணன் ஆளே மாறிப்போனார். மூட்டுவலிக்கு வந்தவர்கள் வாத பித்த கபத்தின் சரித்திரம் முழுவதையும் கேட்டுவிட்டு, வலியோடு வீடு திரும்பினார்கள். மனைவி உலகம்மாள் மட்டும், “பெருமை பீத்தாம பேசிட்டு வாங்க,” என்றாள். அந்த ஒரு மருந்தைத்தான் அவர் சாப்பிடவில்லை.

வகுப்பு அருமையாகத் தொடங்கியது. நாடியை விளக்கினார், பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அப்போது தானியேல் ஒரு பச்சைத் திரையைக் கொண்டுவரச் சொன்னார்.

“அண்ணாச்சிக்கு மூஞ்சி பாக்க வேண்டாம். கையைப் பிடிச்சே சொல்லிருவாவ.”

நண்பர் தன் வாசகத்தையே மேடையில் சொன்னதில் அம்பலவாணன் குளிர்ந்துபோனார். திரைக்குப் பின்னாலிருந்து ஒரு வலது கை நீண்டது.

“வாதம் மிஞ்சிருக்கு. மலச்சிக்கல் உண்டு.”

அடுத்த கை. “கபம். சோம்பேறிப்பய.”

அடுத்தது. “பித்தம்! இவனுக்குக் கோவம் சாஸ்தி.”

தானியேல் திரையை விலக்கினார். ஷிபின் என்ற ஒரே ஒரு மாணவன், மூவரின் நோயையும் தனியாளாகச் சுமந்துகொண்டு, சிரிப்பை அடக்க முடியாமல் உட்கார்ந்திருந்தான்.

“லேய் சோம்பேறி, கோவப்படாதலே!” என்று பின்வரிசையில் ஒருவன் கத்தினான். கூடமே குலுங்கியது.

“நாடி நேரத்துக்கு நேரம் மாறும்...” என்று அம்பலவாணன் தொடங்கினார். மாறும்தான். அது யார் காதிலும் ஏறவில்லை. தானியேல் அதற்குள் பலகையில் அன்றைய தலைப்பை எழுதிக்கொண்டிருந்தார்: ‘சோதிக்காமல் நம்பாதே.’

பாடம் எடுக்கக் கூப்பிட்டவர், தன்னையே பாடமாக்கிவிட்டார் என்பது அம்பலவாணனுக்கு அப்போதுதான் விளங்கியது. முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், திரை என்ன, கண்ணைக் கட்டிக்கொண்டே உட்கார்ந்திருப்பார்.

வாசலில் தானியேல் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். டாக்டரின் பழக்கதோஷம், விரல்கள் தாமாகவே நண்பரின் நாடியில் போய் உட்கார்ந்தன.

“பிள்ளேளுக்காக ஒரு விளையாட்டு. எம்மேல வருத்தமா அண்ணாச்சி?”

“சேச்சே. வருத்தம் என்னவே வருத்தம்?”

“காலையில நடக்க வருவியள்லா?”

“வராம?”

“நாடி சீராத்தான் ஓடுது!” தானியேல் நிம்மதியாகக் கையை விட்டார்.

மறுநாள் விடிந்ததும் அம்பலவாணன் செருப்பை மாட்டிக்கொண்டு, ஆற்றுக்கு முதுகைக் காட்டி, தாழையூத்துச் சாலையில் தனியாக நடந்தார்.