ஊசி நடுவைத் தாண்டினால்

எங்கள் கார் என்னைவிட வயதில் கொஞ்சம் இளையது. என் கணவரின் பெரியப்பா வாங்கி, அவருக்குப் பிள்ளை இல்லாததால் எங்களிடம் வந்து சேர்ந்த வண்டி. இங்கிலீஷ்காரன் செய்தது, வட்ட முகமும் தொந்தியுமாக இருக்கும். ஊரின் பழைய கோட்டைக்குள் எங்கள் தெருவில் அதைத் திருப்புவதற்குள் நாலு வீட்டு ஆண்கள் வெளியே வந்து ஆளுக்கொரு யோசனை சொல்லிவிடுவார்கள். ஓட்டுவது நானாக இருந்தால் எட்டு யோசனை.

எண்பதுகளின் தொடக்கத்தில் எனக்கு ஆபீசில் பதவி உயர்வு வந்தது. கூடவே விழிஞ்ஞம் கிளைக்கு மாற்றலும். கிழக்கேகோட்டையிலிருந்து பஸ் உண்டு, போவதில் சிரமமில்லை. சாயங்காலம் கணக்கு முடித்துத் திரும்புவதுதான் பாடு. வருகிற பஸ்ஸில் கால் வைக்க இடம் இருக்காது, அடுத்த பஸ் எப்போது என்று யாருக்கும் தெரியாது. வீட்டில் பேசிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். காரை நானே ஓட்டிக்கொண்டு போய்வருவதானால் சரி, இல்லாவிட்டால் பதவி உயர்வு வேண்டாம் என்று எழுதிக்கொடுத்துவிட வேண்டும். பூஜை விடுமுறை முடிந்ததும் ஆபீசுக்கு என் பதிலைச் சொல்லியாக வேண்டும். லைசென்ஸ் அதற்கு முன்பே வாங்கியிருந்தேன். ஆகவே எல்லாம் இனி காரின் கையில் இருந்தது.

கார் அந்தச் சமயம் பார்த்து ஒரு வேலை செய்தது. எஞ்சின் முன்னால் இருந்த ஃபேனின் இறக்கை விரிசல் விட்டது. அந்த வண்டிக்கு ஸ்பேர் கிடைப்பது சாமானியம் இல்லை. வளைகுடாவில் வேலை பார்த்த என் தம்பி விடுமுறையில் வரும்போது, அங்கே பழைய கார்களை உடைக்கிற இடத்திலிருந்து கரண்டில் ஓடும் ஃபேன் ஒன்றை வாங்கி, கம்பளிக்கும் செண்டு பாட்டிலுக்கும் நடுவில் வைத்துக் கொண்டுவந்தான். கஸ்டம்ஸில் அதைப் பார்த்து, உங்கள் ஊரில் மேஜை ஃபேன் கிடைக்காதா என்று கேட்டார்களாம்.

சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் இருந்தார். நாகர்கோவில் பக்கத்துக்காரர், நல்ல வேலைக்காரர். விரிசல் விட்ட ஃபேனைக் கழற்றிவிட்டு, ரேடியேட்டருக்கு முன்னால் புது ஃபேனை இரண்டு பட்டைகள் போட்டு நிறுத்தினார். காற்றை அது உள்ளே தள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. சிவப்பு வயரை ஸ்விட்சுக்குக் கொண்டுபோனார். கறுப்பு வயரைக் காரின் உடம்பிலேயே ஒரு திருகாணியில் முடுக்கினார். ஸ்டியரிங்குக்குக் கீழே சின்னதாக ஒரு ஸ்விட்ச். தட்டியதும் தேனீக்கூட்டம் மாதிரி ஒரு ரீங்காரம். என் கணவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. பழவங்காடிக்கு ஓட்டிப்போய்ப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வந்தோம். அன்றைக்கே எனக்கு உத்தரவும் போட்டார். சூடு காட்டும் ஊசி நடுவைத் தாண்டினால் ஸ்விட்சைப் போடு. மறக்காதே.

நான் மறக்கவில்லை. விழிஞ்ஞம் வழியைப் பழகிக்கொள்ளலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓட்டிப்போனேன், அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். திருவல்லம் தாண்டியதும் ஊசி நடுவைத் தாண்டியது, ஸ்விட்சைப் போட்டேன். ஊசி நிற்காமல் ஏறியது. கோவளம் திருப்பத்தில் பானட்டிலிருந்து ஆவி கிளம்பியது. ரோட்டோரத்துச் சாயாக்கடைக்காரர் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, வண்டியைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். திரும்பும்போது என் கணவர் ஓட்டினார். ஊசி அசையவில்லை.

அடுத்த வாரமும் இதே கதை. நான் ஓட்டினால் கொதித்தது, அவர் ஓட்டினால் பச்சைத் தண்ணீராக இருந்தது. எனக்கு அது மர்மமாக இருந்தது, அவருக்கு இல்லை. நான் கிளட்சிலிருந்து காலை முழுக்க எடுப்பதில்லை என்றார், எஞ்சினை அலற விடுகிறேன் என்றார். தெருவில் விஷயம் பரவி, பொம்மனாட்டி கை பட்டாலே அந்த வண்டிக்கு ஜுரம் வருகிறது என்று கேலி வேறு. கேலியைப் பொறுத்துக்கொள்ளலாம். நானே அதை நம்ப ஆரம்பித்ததுதான் மோசம். சமையல் செய்துகொண்டே இடது காலைத் தூக்கித் தூக்கி வைத்துப் பழகிப் பார்த்திருக்கிறேன். சரஸ்வதி பூஜையன்று ராத்திரி, எனக்கு இது வராது, பதவி உயர்வு வேண்டாம் என்று எழுதிக்கொடுத்துவிடுகிறேன் என்று அவரிடம் சொன்னேன். அதுதான் நல்லது என்றார். அவர் குரலில் ஒரு நிம்மதி இருந்தது. அது என்னைச் சுட்டது.

மறுநாள் விஜயதசமி. காரைக் கழுவிச் சந்தனம் குங்குமம் வைத்து, முன்னால் இருக்கும் கம்பித் தடுப்பில் தெச்சிப்பூ மாலை கட்டினோம். எங்கள் வீட்டில் வண்டிக்கு ஆரத்தி எடுப்பது பெண்கள் வேலை. அவர் உள்ளே உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தார். புதுச் சாமானுக்கும் பூஜை சேர வேண்டும் என்று ஃபேன் ஸ்விட்சையும் தட்டினார். நான் ஆரத்தித் தட்டில் வெற்றிலை வைத்து, அதன் மேல் கற்பூரம் ஏற்றி, வண்டியின் முகத்துக்கு நேராகச் சுற்றினேன்.

சுடர் என் பக்கம் படுத்தது. கட்டைவிரலைச் சுட்டுவிட்டு அணைந்தது. மறுபடி ஏற்றினேன், மறுபடி அப்படியே. அபசகுனம் என்று மனசு ஒரு கணம் பதறியது. காற்றா என்று சுற்றிலும் பார்த்தேன். எதிர்வீட்டுக் கொடியில் காய்ந்த புடவை ஆடாமல் அசையாமல் தொங்கியது. ஆனால் காரில் கட்டிய மாலை மட்டும் நுனி தூக்கி என்னை நோக்கி ஆடிக்கொண்டிருந்தது. தட்டைக் கீழே வைத்துவிட்டுத் தடுப்புக்கு நேராக உள்ளங்கையைக் காட்டினேன். காற்று வெளியே வந்துகொண்டிருந்தது.

உள்ளே போக வேண்டிய காற்று. ஓடுகிற வண்டிக்குள் எதிர்க்காற்று தானாகப் புகும். இந்த ஃபேன் அதை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. இரண்டும் மல்லுக்கட்டியதில் ரேடியேட்டருக்கு எதுவும் போய்ச் சேரவில்லை. அப்படியானால் அவர் ஓட்டும்போது ஏன் கொதிக்கவில்லை? யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. பேட்டரி தீர்ந்துபோகும் என்ற பயத்தில் அவர் அந்த ஸ்விட்சைத் தொடுவதே இல்லை. விதி போட்டவருக்கு வண்டி குளிர்ச்சியாக ஓடியது, விதிப்படி நடந்தவளுக்குக் கொதித்தது. எனக்கு முதலில் வந்தது சந்தோஷம் இல்லை, கோபம்தான். கண்ணில் நீர் வந்துவிட்டது.

ஸ்விட்சை அணைக்கச் சொல்லிக் கற்பூரத்தை ஏற்றினேன், சுடர் நேராக நின்றது. போடச் சொன்னேன், படுத்தது. அவர் இறங்கிவந்து என் கை இருந்த இடத்தில் தன் கையை வைத்துப் பார்த்தார். வெகுநேரம் கையை எடுக்கவில்லை.

எலக்ட்ரீஷியன் மத்தியானம் வந்தார். பானட்டைத் திறந்து, பேட்டரியிலிருந்து வயர் எது எங்கே போகிறதென்று விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"எல்லா வண்டிக்கும் பாடியில பேட்டரி மைனஸாக்கும் இருக்கும், அக்கா. இதுக்குப் பாடி பிளஸ்ஸு. நான் வழக்கம்போலக் குடுத்துட்டேன், ஃபேன் தலைகீழாச் சுத்தியிருக்கு."

பழைய இங்கிலீஷ் வண்டிகளில் சிலவற்றை அப்படித்தான் செய்திருந்தார்களாம். சிவப்பையும் கறுப்பையும் இடம் மாற்றினார். அவ்வளவுதான் வேலை. ஸ்விட்சைத் தட்டியதும் தெச்சி மாலை கம்பியோடு ஒட்டிக்கொண்டது. அவருக்குக் காப்பி கொடுத்து அனுப்பினோம். தெரு ஆண்கள் வந்து பேட்டரியைப் பார்த்து, தங்களுக்கு ஆரம்பத்திலேயே சந்தேகம் இருந்ததாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். அப்படியானால் கொதிக்கவைத்தது நான் இல்லை என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. என் கணவரும் சொல்லவில்லை. பானட்டை மூடிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"வண்டி சரியாயிடுத்து. ஆனா நீதான் வேண்டாம்னு தீர்மானம் பண்ணிட்டியே."

"தீர்மானம் பண்ணினது நானில்லை," என்றேன். "இந்த ஃபேன்."

நான் உள்ளே போய் வேறு புடவை மாற்றிக்கொண்டு வந்து சாவியைக் கேட்டேன். கொடுத்தார். கூட வருகிறாரா என்று கேட்டதற்குச் செருப்பை மாட்டிக்கொண்டு பக்கத்தில் ஏறிக்கொண்டார்.

திருவல்லம் தாண்டியதும் ஊசி நடுவைத் தாண்டியது. ஸ்விட்சைப் போட்டேன். அவர் குனிந்து ஊசியையே பார்த்துக்கொண்டு வந்தார். கொஞ்ச நேரம் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டு அது மெல்லக் கீழே இறங்கியது. கோவளம் திருப்பத்தில் நான் நிறுத்தவில்லை. விழிஞ்ஞத்தில் மீன்பிடி வள்ளங்கள் தெரிந்ததும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"திங்கட்கிழமை சேர்ந்துடு," என்றார் அவர்.

அதற்குள் நான் அந்தக் கிளை ஆபீசின் வாசலுக்கே வந்து, வண்டி நிறுத்த நிழல் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.